ஏழாம் அத்தியாயம்: தரையில் திசை தவறாமல்

சிறிய விமானம் ஒன்று நன்றாகவே இறங்குகிறது. சக்கரங்கள் ஓடுபாதையைத் தொட்டாயிற்று. விமானியின் தோள்கள் தளர்ந்தாயிற்று. அடுத்த மூன்று நான்கு விநாடிக்குள் மூக்கு ஒரு பக்கம் விலகுகிறது. விமானி திடுக்கிட்டு மறுபக்கப் பெடலை மிதிக்கிறார். விமானம் அந்தப் பக்கம் இன்னும் பலமாகத் திரும்புகிறது. பிறகு புல். ஒரு சக்கரம் மடிகிறது, இறக்கை நுனி மண்ணைக் கிழிக்கிறது. அறிக்கையில் இதைத் ‘திசைக் கட்டுப்பாட்டு இழப்பு’ என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள்.

சிறு விமான விபத்துகளை ஒழுங்காகத் தொகுத்து வைக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில், இறங்கும்போது நடக்கும் விபத்துகளில் இந்த வகை முன்வரிசையில் நிற்கிறது. இதில் உயிர் போவது அரிது. ஆனால் விமானம் பட்டறைக்குப் போகும், பயிற்சி மாதக்கணக்கில் நிற்கும், கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பிய வீட்டில் நிம்மதி போகும். ஆகவே இந்த அத்தியாயத்தை நிதானமாகப் படியுங்கள். எஞ்சினைப் பற்றிய அத்தியாயத்தைவிட இது முக்கியம் என்பது என் எண்ணம்.

சொல்ல வேண்டியது அடிப்படையில் ஒன்றுதான். தரையில் விமானத்தின் திசையைக் காப்பது கால். விமானம் முற்றாக நிற்கும்வரை அந்தக் கால் வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். மற்றவை எல்லாம் அந்தக் காலுக்கு எதிராக எவையெவை வேலை செய்கின்றன என்ற விவரம்.

கொடகவெலயிலிருந்து புறப்படுமுன்

பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய போகும் ஏ-18 வீதியில் கொடகவெல இருக்கிறது. ஒரு பக்கம் இறக்குவானை மலைகள். தேயிலையும் றப்பரும் ஏறி இறங்கும் நிலம்; சமதரை என்றால் வயல்தான். இங்கும் கஹவத்தை, இறக்குவானைத் தோட்டங்களிலும் வளரும் பிள்ளைக்கு ஓடுபாதையைக் கிட்டத்தில் நின்று பார்க்கும் வாய்ப்புக் குறைவு. விமானப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த வாய்ப்பை நீங்களாகவே உண்டாக்கிக்கொள்ளுங்கள். எம்பிலிப்பிட்டிய, சூரியவெவ பக்கமாகப் போனால் மத்தளை விமான நிலையம். இரத்தினபுரி, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் போனால் இரத்மலானை. சிறு விமானப் பயிற்சியின் பழைய மையம் இரத்மலானைதான். 1935 நவம்பர் 27ஆம் திகதி அங்கே முதன்முதலாக இறங்கிய விமானத்தை ஓட்டிவந்தவர் சென்னைப் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர்.

வேலிக்கு வெளியே நின்றாலும் காற்றுப்பை தெரியும். ஓடுபாதை எந்தத் திசையில் கிடக்கிறது, பை எந்தத் திசையில் ஆடுகிறது என்று பாருங்கள். காலையில் ஒரு முறை, பிற்பகலில் ஒரு முறை பாருங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் உங்கள் முதல் பாடம். பயிற்சிக்கூடத்தில் யாரும் இதற்கெனத் தனியாக நேரம் ஒதுக்கமாட்டார்கள்.

காற்றின் கணக்கு

ஓடுபாதையின் பெயர் அதன் திசையைச் சொல்கிறது. இரத்மலானையின் ஓடுபாதை 04/22. ஒரு முனையிலிருந்து ஓடினால் திசைமானி ஏறக்குறைய 40 பாகையைக் காட்டும். எதிர்முனையிலிருந்து ஓடினால் 220 பாகையைக் காட்டும். மத்தளையினது 05/23. இரண்டுமே வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் இடையில் கிடப்பவை, அதாவது நம்முடைய இரண்டு பருவக்காற்றுகளும் வீசும் போக்கில். காற்று மூக்குக்கு நேராக வரும் நாளில் திசை காப்பது சுலபம்.

பிற்பகலில் கதை மாறுகிறது. இரத்மலானை கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெயில் ஏறியதும் கடற்காற்று மேற்கிலிருந்து வரும். காற்று 250 பாகையிலிருந்து 16 நொட் வேகத்தில் வருகிறது என்று கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்கிறது என்று வையுங்கள். நீங்கள் இறங்குவது 22இல். கோணம் 30 பாகை. 30 பாகைக்குப் பக்கக்காற்று, காற்றின் வேகத்தில் பாதி: 8 நொட். அதே காற்று 270 பாகைக்குத் திரும்பினால் கோணம் 50 ஆகிறது, பக்கக்காற்று ஏறக்குறைய முக்கால் பங்கு: 12 நொட். காற்றின் வேகம் ஒரு நொட்கூட ஏறவில்லை, திசை மட்டும் 20 பாகை மாறியது. உங்கள் காலுக்கு வேலை ஒன்றரை மடங்காகிவிட்டது.

அந்த 12 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செஸ்னா 152 பயிற்சி விமானத்தின் கையேட்டில், சோதனைப் பறப்பில் செய்து காட்டப்பட்ட பக்கக்காற்று 12 நொட் என்று இருக்கும். செஸ்னா 172இல் 15. இவற்றைச் சோதனை விமானிகள் செய்து காட்டினார்கள். தனியாகப் பறக்கத் தொடங்கும் மாணவர் அதில் பாதியைத் தன் எல்லையாக வைத்துக்கொண்டு, பயிற்றுநருடன் பறந்து பழகப்பழக மெல்ல மெல்லக் கூட்டிக்கொள்வதே சரி. காற்று வீச்சு வீச்சாக வந்தால் சராசரி வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், வீச்சின் உச்சத்தை எடுங்கள். உங்களைத் தள்ளப்போவது அந்த உச்சம்தான்.

கணக்குப் போட நேரம் இல்லாதபோது இப்படி நினைவு வைக்கலாம்: 30 பாகை என்றால் பாதி, 45 என்றால் முக்காலுக்குச் சற்றுக் குறைய, 60 அல்லது அதற்கு மேல் என்றால் முழுக்காற்று. இன்னொன்று. இரத்மலானையில் பக்கக்காற்று தாங்கவில்லை என்று கட்டுநாயக்கவுக்குப் போனால் கோணம் மாறாது. அங்கும் ஓடுபாதை 04/22தான். அகலமும் நீளமும் மட்டும் கூடுதல்.

மூக்கு ஏன் திரும்புகிறது

விமானத்தின் வாலில் செங்குத்தாக நிற்கும் பெரிய தகடு வானத்தில் மூக்கை நேராக வைத்திருக்கிறது. சக்கரம் தரையைத் தொட்ட பிறகு அதே தகடு எதிராக வேலை செய்கிறது. பக்கக்காற்று அதைத் தள்ள, வால் காற்றுப்போகும் பக்கம் போகும், மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பும். இதைத் தடுப்பது காற்றுக்கு எதிர்ப்பக்க ரடர் (வால் தகட்டில் அசையும் பகுதி) பெடல். வேகம் குறையக் குறைய ரடரின் மேல் பாயும் காற்றும் குறைவதால் அதே பலனைப் பெற இன்னும் கூடுதலாக மிதிக்க வேண்டும். ‘இறங்கியாயிற்று’ என்று காலைத் தளர்த்தும் நேரம்தான் கால் அதிகம் வேலை செய்ய வேண்டிய நேரம் என்பதை இதிலிருந்து பாருங்கள்.

கைக்கும் பங்கு உண்டு. காற்று வரும் பக்க இறக்கை எழும்பாதபடி அந்தப் பக்கம் எய்லரனை (இறக்கை நுனிப் பக்கத்தில் அசையும் தகட்டை) திருப்பிப் பிடிக்க வேண்டும். தரையைத் தொட்டபோது கொஞ்சமாக இருந்த திருப்பம், வேகம் இறங்க இறங்கக் கூடிக்கொண்டே போய், கடைசியில் முழுத் திருப்பமாக நிற்க வேண்டும். பெரும்பாலான மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

புறப்படும்போது முதல் எதிரி எஞ்சின். லைகொமிங் எஞ்சின் பூட்டிய செஸ்னாக்களில் விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றும். அது சுழற்றி அனுப்பும் காற்று உடலைச் சுற்றிப் போய் வாலின் இடப்பக்கத்தில் அடிக்கும். எஞ்சினின் முறுக்கம் இடச் சக்கரத்தை அழுத்தும். இரண்டும் சேர்ந்து மூக்கை இடப்பக்கம் இழுக்கும். ஆகவே த்ரொட்டிலை முன்னே தள்ளும்போது வலக்கால் கூடவே முன்னே போக வேண்டும். த்ரொட்டிலை ஒரே இடியாகத் தள்ளினால் இழுப்பும் இடியாக வரும். நான்கு விநாடி எடுத்து மெல்லத் தள்ளுங்கள். ஓடுபாதை எங்கும் போய்விடாது.

எல்லா விமானமும் இடப்பக்கம் இழுக்கும் என்று மனப்பாடம் செய்யாதீர்கள். 1951இல் இந்நாட்டு விமானப்படை தொடங்கியபோது விமானிகள் பழகிய சிப்மங்க் விமானத்தில் ஜிப்சி மேஜர் எஞ்சின் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அது வலப்பக்கம் இழுக்கும். இரத்மலானையிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் சிப்மங்க் ஒன்றைப் பார்க்கலாம். போனால் அதன் வாலுக்குக் கீழே இருக்கும் சின்னஞ்சிறு சக்கரத்தையும் குனிந்து பாருங்கள்.

வாற்சக்கரமும் ஓர் அமெரிக்கப் பெண்ணும்

அந்தச் சின்னச் சக்கரத்தால் எத்தனையோ நல்ல விமானிகள் தலைகுனிந்திருக்கிறார்கள். மூக்குச்சக்கரம் உள்ள செஸ்னாவில் பிரதான சக்கரங்கள் இரண்டும் விமானத்தின் எடைமையத்துக்குப் பின்னால் இருக்கின்றன. அதனால் சற்று விலகினாலும் எடை முன்னே இழுத்து விமானத்தைத் தானாக நேராக்கப் பார்க்கும். வாற்சக்கர விமானத்தில் எடை, பிரதான சக்கரங்களுக்குப் பின்னால். தோட்டத்துப் பாதையில் ட்ரக்டர் பெட்டியைப் பின்னுக்கு எடுத்துப் பழகியவருக்கு இது உடனே விளங்கும்: சற்று வளைந்தால் தானாக நிமிராது, விட்டால் வளைவு கூடிக்கொண்டே போய் மடிந்துவிடும். விமானத்தில் அந்த மடிதலுக்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர். விமானம் வட்டமடித்துத் திரும்ப, வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் முழுப்பாரமும் விழுந்து அது உடைகிறது.

உலகம் அறிந்த கிரவுண்ட் லூப், 1937 மார்ச் 20ஆம் திகதி ஹவாயின் ஃபோர்ட் தீவில் உள்ள லூக் களத்தில் நடந்தது. உலகைச் சுற்றி வரும் பயணத்தின் முதற்கட்டத்தை முடித்திருந்த அமெரிக்க விமானி அமெலியா இயர்ஹார்ட், லொக்ஹீட் எலெக்ட்ரா 10ஈ விமானத்தில் அடுத்த கட்டத்துக்குப் புறப்பட்டார். இரட்டை எஞ்சின், வாற்சக்கரம், எடைமையத்தைப் பின்னுக்கு இழுக்கும் அளவுக்கு எரிபொருள். ஓடத் தொடங்கியதும் விமானம் வலப்பக்கம் சற்று விலகியது. அவர் இட எஞ்சினின் வேகத்தைக் குறைத்தார். விமானம் நேராகி, நேராக நிற்காமல் இடப்பக்கம் சுழலத் தொடங்கியது. பாரம் முழுவதும் வலப்பக்கச் சக்கரத்தின் மேல் விழ, சக்கரம் பிய்ந்தது. விமானம் வயிற்றால் தேய்ந்து நின்றது. தீப்பிடிக்கவில்லை; அவரும் உடனிருந்தவர்களும் காயமின்றி இறங்கினார்கள். டயர் வெடித்திருக்கலாம் என்றார் அவர். எஞ்சின்களின் த்ரொட்டிலை மாற்றி மாற்றி இழுத்ததே காரணம் என்றார் அவருடைய தொழில்நுட்ப ஆலோசகர் போல் மான்ட்ஸ். விமானத்தைக் கப்பலேற்றிக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய்த் திருத்தினார்கள். அதே விமானத்தில் அவர் பயணத்தை எதிர்த்திசையில் மீண்டும் தொடங்கி, கராச்சி, கல்கத்தா வழியாகப் பறந்து, ஜூலை 2ஆம் திகதி பசிபிக் கடலின் மேல் காணாமற்போனார்.

டயரா, கையா என்ற சர்ச்சை ஆராய்ச்சியாளர்களுக்கு. நமக்குப் பயன்படுவது அந்தத் தொடர்ச்சி: சிறிய விலகல், அதற்கு அளவு மீறிய திருத்தம், அந்தத் திருத்தம் உண்டாக்கிய பெரிய விலகல். எஞ்சினின் வேகம் மாறினாலும் அதன் விளைவு விமானத்தில் தெரிய ஒன்றிரண்டு விநாடி ஆகும். அதற்குள் விமானி இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுவார். பெடலிலும் இதே பொறி உண்டு. சிறிய விலகலுக்குச் சிறிய மிதி, உடனே தளர்த்தல், மறுபடி சிறிய மிதி என்று கால் ஓயாமல் நடக்க வேண்டும். ஒரு பக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் கால் ஆபத்தானது.

ஈர ஓடுபாதை

சப்ரகமுவப் பிள்ளைக்கு மழையைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் ஓடுபாதையில் தேங்கும் நீர்ப்படலம் பாதையில் ஓடும் மழைநீர் அல்ல. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டயர் தண்ணீரைப் பிதுக்கித் தள்ள முடியாமல் அதன் மேல் ஏறி மிதக்கும். மிதக்கும் டயருக்குப் பிரேக்கும் இல்லை, திசையும் இல்லை. 1960களில் நாசா ஆய்வாளர்கள் இதற்கு ஒரு கணக்குத் தந்தார்கள்: டயரின் காற்றழுத்தத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 9ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் நொட்டில் கிடைக்கும். சதுர அங்குலத்துக்கு 29 இறாத்தல் அழுத்தம் உள்ள செஸ்னா டயருக்கு அது ஏறக்குறைய 48 நொட். அழுத்தம் 25 ஆகக் குறைந்திருந்தால் 45 நொட். செஸ்னா 172 தரையைத் தொடும் வேகத்துக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் எண்கள் இவை. காற்றுக் குறைந்த டயர் இன்னும் குறைந்த வேகத்திலேயே மிதக்கும் என்பதால், மழைக்காலத்தில் டயர் அழுத்தத்தைக் கண்ணால் பார்த்துத் திருப்தி அடையாமல் அளவிடச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும் மாணவரைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தால் அந்த இடம் பயிற்சிக்கு ஏற்றதல்ல.

ஈரத்தில் இறங்கும்போது பிரேக்கைத் தொடாதீர்கள். நேராக ஓடவிட்டு வேகம் தானாகக் குறையட்டும். சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் மிதப்பு இன்னும் நீடிக்கும், பிறகு பிடிமானம் திடீரென்று ஒரு சக்கரத்துக்கு மட்டும் கிடைக்கும்போது விமானம் அந்தப் பக்கம் சுழலும்.

இருக்கையும் காலும்

உயரம் குறைந்தவர்கள் இதைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும். இரண்டு பெடல்களையும் கடைசிவரை மிதிக்கக் கால் எட்டுகிறதா என்பதை எஞ்சினை இயக்குமுன் பாருங்கள். பாதி மிதியோடு முழங்கால் நீண்டுவிட்டால் உங்களிடம் பாதி ரடர்தான் இருக்கிறது. முதுகுக்கும் அடிக்கும் மெத்தை வைப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. உலகெங்கும் விமானிகள் வைக்கிறார்கள். அழுந்தி நசுங்கும் மெத்தை வேண்டாம், உறுதியானதாக இருக்கட்டும்.

செஸ்னாக்களில் இருக்கையை முன்னே பின்னே நகர்த்தும் தண்டவாளத்தில் ஊசி ஒன்று துளைக்குள் விழுந்து பூட்டும். துளை தேய்ந்தாலோ ஊசி முழுதாக விழாவிட்டாலோ, புறப்படும்போது மூக்கு எழும்பும் நேரத்தில் இருக்கை பின்னுக்கு வழுக்கும். கால் பெடலை விட்டுப் போகும். கை தன்னையறியாமல் கட்டுப்பாட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுக்கும். இப்படிப் பல விபத்துகள் நடந்ததால் 1987இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்தத் தண்டவாளங்களைத் தவறாமல் பரிசோதிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. பட்டறை பரிசோதிக்கட்டும். நீங்களும் இருக்கையில் அமர்ந்ததும் உடலை முன்னும் பின்னும் பலமாக உலுக்கி, பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இறங்கும்போது குதிகால் தரையில், பாதத்தின் முன்பகுதி பெடலின் அடிப்பாகத்தில். பெடலின் மேற்பாகம் பிரேக். கால் மேலே ஏறியிருந்தால் ரடரை மிதிக்க நினைத்து ஒரு பக்கப் பிரேக்கை மிதித்துவிடுவீர்கள். தடித்த அடி கொண்ட சப்பாத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. மெல்லிய, வழுக்காத அடியுள்ள சப்பாத்து வாங்குங்கள்.

விமானத்தைச் சுற்றி வந்து பார்க்கும்போது மூக்குச்சக்கரத்தில் இழுவைக் கம்பி மாட்டியபடி இருக்கிறதா, ரடர்ப் பூட்டு கழற்றப்பட்டதா என்பதைப் பாருங்கள். இரண்டும் மறக்கப்பட்ட நாட்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

பயிற்றுநருடன் பறக்கும்போது ஒன்று. “ஐ ஹாவ் கொன்ட்ரோல்” என்று அவர் சொன்னதும் கையை மட்டும் எடுத்தால் போதாது, காலையும் எடுங்கள். பயந்த மாணவரின் கால் பெடலில் பூட்டிக்கொள்ளும். அப்போது பயிற்றுநர் மிதித்தாலும் பெடல் அசையாது. “சேர், யூ ஹாவ் கொன்ட்ரோல்” என்று பதில் சொல்லும்போதே இரண்டு கால்களையும் பின்னுக்கு இழுத்துக்கொள்வதைத் தரையில் நிற்கும் விமானத்தில் பல முறை செய்து பழகுங்கள்.

விலகத் தொடங்கிவிட்டால்

தரையைத் தொடுமுன்னரே முடிவெடுக்கக்கூடிய நேரம் உண்டு. கடைசி இறக்கத்தில் ரடரை முழுவதும் மிதித்தும் மூக்கை ஓடுபாதைக்கு நேராக வைக்க முடியவில்லை என்றால், இன்றைய காற்று இந்த விமானத்துக்கு அதிகம். மறுபடி மேலே போங்கள். மூக்கு ஒரு பக்கம் பார்த்தபடி தரையைத் தொட்டால் சக்கரங்கள் பக்கவாட்டில் உரசி விமானத்தை அந்தப் பக்கம் இழுக்கும். பாதி விபத்துக்கு அங்கேயே வித்திட்டாயிற்று.

மறுபடி மேலே போவதிலும் பொறி இருக்கிறது. ஃப்ளாப் (இறக்கையின் பின்புறம் இறங்கும் தகடு) முழுவதும் இறங்கிய நிலையில், குறைந்த வேகத்தில், முழு எஞ்சின் கொடுக்கும் கணத்தில் இடப்பக்க இழுப்பு மிக அதிகம். வலக்கால் உடனே முன்னே போக வேண்டும். மூக்கை உயர்த்தும் ஆசையை அடக்கி, வேகம் சேரவிட்டு, கையேடு சொல்லும் படியில் ஃப்ளாப்பை ஏற்றுங்கள். செஸ்னா 172இல் முதலில் 20 பாகைக்கு. புல்லைத் தொட்ட பிறகு, அல்லது விமானம் பலமாகச் சுழலத் தொடங்கிய பிறகு, மேலே போக முயலாதீர்கள். தரையில் முடிய வேண்டிய விபத்தை ஆளைக் கொல்லும் விபத்தாக மாற்றுவது அந்த முயற்சிதான்.

தரையில் ஓடும்போது விலகினால்: த்ரொட்டிலை முழுவதும் பின்னே இழுங்கள், விலகும் பக்கத்துக்கு எதிர்ப் பெடல், எய்லரன் காற்று வரும் பக்கம். கண் ஓடுபாதையின் கடைசி முனையில் இருக்கட்டும். மூக்குக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விலகல் தாமதமாகத்தான் தெரியும். மூக்குச்சக்கரத்தை நிலத்தில் அழுத்தினால் திசை கிடைக்கும் என்று கைப்பிடியை முன்னே தள்ளாதீர்கள். பிரதான சக்கரங்களின் பாரம் குறைந்து விமானம் மூக்கின் மேல் சுழலும். விளிம்பைத் தாண்டப்போவது நிச்சயம் என்றால் போராடாமல் நேராகப் புல்லுக்குள் போகவிடுங்கள். நேராகப் புல்லுக்குள் ஓடும் விமானம் பெரும்பாலும் நிமிர்ந்தே நிற்கும். விளிம்பில் வைத்துத் திருப்பியதுதான் கவிழும்.

நின்றதும் மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை) பிடியை இழுத்து எஞ்சினை நிறுத்துங்கள். எரிபொருள் வால்வு மூடல், மெக்னீற்றோ சாவி, மாஸ்டர் சுவிட்ச் என்ற வரிசையில் அணைத்து, வெளியே வாருங்கள். காற்று வரும் பக்கமாக நடங்கள். வீட்டுக்கு அழைப்பது பிறகு. முதலில் கோபுரமும் பயிற்சிக்கூடமும் அறிய வேண்டும், அவர்கள் மூலமாக இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அறிய வேண்டும். என்ன காற்று, எந்தக் கணத்தில் விலகியது, எந்தக் காலால் மிதித்தீர்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். மறுநாள் ஞாபகம் தன் வசதிக்குக் கதையைத் திருத்திவிடும். நடந்ததை மறைக்காமல் எழுதுங்கள். விசாரணை நடப்பது அடுத்த விபத்தைத் தடுக்க.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு

இந்த நூலைப் பறக்காதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் இந்தப் பகுதி. மலையகத்தில் விமானங்கள் விழுந்திருக்கின்றன. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இந்தோனேசிய ஹஜ் பயணிகளை ஏற்றிவந்த மார்ட்டினெயார் டிசி-8 விமானம் நோட்டன் பிரிட்ஜுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தனர். 2020 ஜனவரி 3ஆம் திகதி வீரவிலவிலிருந்து புறப்பட்ட விமானப்படையின் வை-12 விமானம் அப்புத்தளையில் விழுந்து நால்வர் இறந்தனர். இவை இந்த அத்தியாயம் பேசும் வகை விபத்துகள் அல்ல. ஆனால் மலையில் எது விழுந்தாலும் முதலில் அங்கே போய்ச் சேர்பவர்கள் லயங்களில் இருப்பவர்கள்தான்.

119இல் பொலிஸ், 1990இல் அம்புலன்ஸ். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லொறி எதுவரை வரலாம் என்ற மூன்றையும் சொல்லுங்கள்; நகரத்தில் இருந்து வருபவருக்குக் கொழுந்து மலை எல்லாம் ஒரே மாதிரித் தெரியும். ஒருவரைப் பாதைச் சந்தியில் நிறுத்துங்கள்.

சிறு விமானத்தின் எரிபொருள் பெற்றோலைப் போலவே எளிதில் பற்றும். நீல நிறமாக இருக்கும். பீடி, அடுப்பு, மோட்டார் சைக்கிள் எதுவும் கிட்டே வரக்கூடாது. காற்று வரும் பக்கத்திலிருந்து அணுகுங்கள். புரொப்பெல்லரைக் கையால் தொடாதீர்கள், திருப்பாதீர்கள். நின்றுபோன எஞ்சினும் ஒரு திருப்பில் வெடித்துச் சுழலலாம். சில புதிய சிறு விமானங்களின் உடலுக்குள் ரொக்கெட்டால் விரியும் பெரிய பாராசூட் இருக்கும். அது விரியாமல் கிடந்தால் ஆபத்து. எச்சரிக்கை ஒட்டுத்தாள் உள்ள இடத்தை வெட்டாதீர்கள், அதன் மேல் ஏறாதீர்கள். உள்ளே இருப்பவருக்கு மூச்சு இருக்கிறது, தீயும் இல்லை என்றால் கழுத்தை அசைக்காமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். தீ வந்தால் மட்டும் யோசிக்காமல் இழுத்தெடுங்கள்.

ஆட்களைக் காப்பாற்றத் தேவையானதைத் தவிர எதையும் நகர்த்தக் கூடாது. சிறு துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. எந்தத் துண்டு எங்கே கிடந்தது என்பதிலிருந்துதான் விசாரணையாளர் விமானம் எந்தப் பக்கம் திரும்பியது என்று கண்டுபிடிப்பார். தரையில் சக்கரமோ இறக்கையோ கிழித்த தடம் இருந்தால் அதன் மேல் யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து மழை அரைமணி நேரத்தில் அதைக் கழுவிவிடும். பொலிஸ் வருவதற்குள் மேகம் கறுத்தால் கைத்தொலைபேசியில் தூரத்திலிருந்து ஒன்றும் கிட்டத்திலிருந்து ஒன்றுமாகப் படம் எடுத்து, தடத்தின் மேல் படங்கு விரித்து, காற்று தூக்காதபடி நான்கு மூலையிலும் கல் வையுங்கள். வந்ததும் படத்தை அவர்களிடம் கொடுங்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.